உப்பைக் குறைக்கும் கொம்பு: ஜப்பானிய வீட்டுச் சமையலுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஜப்பானியச் சாப்பாடு என்றாலே உடம்புக்கு நல்லது என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது பாதி உண்மைதான். மிசோ என்னும் புளித்த சோயா விழுது, சோயா சாஸ், ஊறுகாய் மூன்றும் ஒரே தட்டில் சேரும்போது ஏறுகிற உப்பு கொஞ்சநஞ்சமல்ல. 2019இல் ஜப்பான் அரசு எடுத்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, அங்கே பெரியவர்கள் சாப்பிடும் உப்பு ஒரு நாளுக்குச் சராசரியாக 10.1 கிராம். உலக சுகாதார நிறுவனமோ 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது.

நாகானோ மாகாணத்தின் கதையைத் தெரிந்துகொண்டு அடுப்பைப் பற்ற வைத்தால் நல்லது. கடலே தொடாத மலைப்பிரதேசம், நீண்ட பனிக்காலம். நோசவானா என்னும் கீரையை உப்பில் ஊறப்போட்டு வைத்து, அதையும் மிசோ சூப்பையும் வைத்தே குளிர்காலத்தை ஓட்டிய மக்கள். பக்கவாதத்தால் இறந்தவர்கள் அங்கே மிக அதிகமாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1980களில் மாகாணம் முழுக்க உப்பைக் குறைக்கும் இயக்கம் நடந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் வீடு வீடாகப் போய் மிசோ சூப்பில் எவ்வளவு உப்பு என்று கருவி வைத்து அளந்தார்கள். சூப்பை விட்டுவிடு என்று அவர்கள் சொல்லவில்லை. காய்கறியை நிறையப் போடு, சாற்றை நன்றாக எடு, மிசோவைக் குறை என்றார்கள். 2010 கணக்கெடுப்பின்படி, ஆண்கள் பெண்கள் இரு பாலாரின் ஆயுளிலும் நாகானோ நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. உப்பு ஒன்றுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சமையலறைக்குள் நாம் மாற்றக்கூடியது அதுதான்.

நாகானோவில் நான் குடியிருந்தபோது பக்கத்து வீட்டு மூதாட்டி எனக்கு முதலில் கற்றுத்தந்தது எந்தப் பதார்த்தத்தையும் அல்ல. தாஷி என்பது கொம்பு என்னும் கடற்பாசியும் மீன் சீவலும் போன்றவற்றில் எடுக்கும் சாறு. உப்பே போடாத வெறும் தாஷியைச் சின்னத் தட்டில் ஊற்றிக் கொடுத்து, "இதன் ருசி நாக்கில் தெரிகிற வரைக்கும் எதையும் சேர்க்காதே" என்றார். இந்த வழிகாட்டியில் வரும் அளவுகள் எல்லாம் அந்த ஒரு சொல்லிலிருந்து வந்தவை.

வாங்கி வைக்க வேண்டியவை

எல்லாவற்றுக்கும் முன்னால் கிராம் கணக்குக் காட்டும் ஒரு சிறிய தராசு வாங்குங்கள். கண்ணளவு நம் சமையலுக்குக் கைகொடுக்கும். பிறந்தது முதல் பார்த்து வளர்ந்த கை அது. மிசோவில் அந்தக் கண்ணளவு நம்மிடம் இல்லை. முதல் ஆறு மாதம் நான் போட்ட மிசோவை ஒரு நாள் நிறுத்துப் பார்த்தபோது, வேண்டியதைப் போல் இரண்டு மடங்கு இருந்தது.

கொம்பு: காய வைத்த கடற்பாசிப் பட்டை. நம் காதுக்கு மாட்டுக் கொம்பு போலவே ஒலிக்கும். ஜப்பானில் கிடைப்பதில் மிகப் பெரும்பகுதி ஹொக்கைடோ கடலில் விளைவது. மா-கொம்பு, ரிஷிரி, ரவுசு ஆகிய மூன்றும் சாறு எடுக்க நல்லவை. ஹிதாகா வகை சீக்கிரம் மென்மையாகிவிடும் என்பதால் வேகவைத்துத் தின்னவும் உதவும். மேலே படிந்திருக்கும் வெள்ளைப் பொடி பூஞ்சணம் அல்ல; மானிட்டால் என்னும் இனிப்புப் பொருள். ஈரத்துணியால் லேசாக ஒற்றினால் போதும், கழுவக் கூடாது.

கட்சுவோபுஷி: சூரை மீனை வேகவைத்து, புகையில் வாட்டி, மரக்கட்டை போல் இறுகும்வரை காயவைத்து, மெல்லிய சீவலாகச் சீவியது. ககோஷிமாவின் மகுராசாகி, ஷிசுவோகாவின் யாய்சு ஆகிய துறைமுக ஊர்கள் இதற்குப் பேர்போனவை. மாலத்தீவு மாசிக் கருவாட்டைச் சம்பலில் இடித்துப் போட்டுச் சாப்பிட்டவர்களுக்கு இந்த வாசனை புதிதாக இருக்காது. அதே மீன், அதே வேகவைத்துப் புகையூட்டும் முறை. உயர்ந்த கட்சுவோபுஷிக்கு அதற்கு மேல் பூஞ்சணம் ஏற்றி மாதக்கணக்கில் பதப்படுத்துவார்கள், அதுதான் வித்தியாசம்.

மிசோ: சோயா பயறு, உப்பு, கோஜி மூன்றும் சேர்ந்து புளித்தது. கோஜி என்பது அரிசியிலோ பார்லியிலோ வளர்க்கும் ஒருவகைப் பூஞ்சை. நாகானோவின் ஷின்ஷூ மிசோ மஞ்சள் நிறம், எதற்கும் பொருந்தும். முதல் பொட்டலம் அதுவாக இருக்கட்டும். கியோட்டோவின் சைக்கியோ வெள்ளை மிசோ இனிப்பானது, உப்பு 5 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும். ஐச்சி மாகாணத்து ஹாச்சோ மிசோ தானியம் சேராமல் சோயா பயறிலேயே செய்வது, கறுத்துக் கெட்டியாக இருக்கும். சாதாரண மிசோவில் உப்பு 12 விழுக்காடு அளவில் இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 'தாஷி இரி' என்று போட்ட மிசோவில் பெரும்பாலும் மீன் சாறு கலந்திருக்கும்.

சோயா சாஸ்: கடையில் சாதாரணமாகக் கிடைப்பது கொய்குச்சி. ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 0.9 கிராம் உப்பு. உசுகுச்சி என்ற வெளிர்நிற வகையும் உண்டு. நிறம் குறைவு என்பதால் உப்பும் குறைவு என்று நினைத்து ஏமாறாதீர்கள். கொய்குச்சியை விட இதில்தான் உப்பு அதிகம். சோயா சாஸில் கோதுமையும் சேர்வதால், கோதுமை ஒவ்வாதவர்கள் கோதுமை சேர்க்காத தமாரியைத் தேடி வாங்க வேண்டும்.

மிரின்: பசையரிசி, கோஜி, ஷோச்சு சாராயம் சேர்த்து ஊறவைத்த இனிப்புத் திரவம். அசல் மிரினில் சாராயச் சத்து 14 விழுக்காடு அளவுக்கு உண்டு. வேண்டாதவர்கள் ஒரு மேசைக்கரண்டி மிரினுக்குப் பதில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையைத் தாஷியில் கரைத்து ஊற்றலாம்.

இவற்றோடு காய்ந்த ஷீட்டாகே காளான், காய்ந்த வகாமே கடற்பாசி, வெள்ளை எள், அரிசி வினிகர். இவ்வளவே போதும். உடனடித் தாஷிப் பொடியை நான் பரிந்துரைப்பதில்லை. குருணையாக வரும் பல வகைகளில் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு உப்புதான். உப்பைக் குறைக்கச் சாறு எடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு உப்பையே கொட்டுவது போலாகிவிடும்.

தாஷி: அஸ்திவாரம்

1908இல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிகுனாயே இகேதா, கொம்புச் சாற்றின் ருசிக்குக் காரணம் குளுட்டாமிக் அமிலம் என்று கண்டுபிடித்து, அந்த ருசிக்கு உமாமி என்று பெயரிட்டார். 1913இல் ஷிந்தாரோ கொதாமா, கட்சுவோபுஷியில் இருப்பது இனோசினேட் என்றார். 1957இல் அகிரா குனினாகா, காய்ந்த ஷீட்டாகேயில் இருக்கும் குவானிலேட்டை அடையாளம் கண்டார். நமக்கு இதில் வேண்டிய சேதி ஒன்று: குளுட்டாமேட் மற்ற இரண்டில் ஏதாவது ஒன்றோடு சேர்ந்தால் ருசி பல மடங்காகிறது. கொம்பைத் தனியாகப் போடாமல் மீனோடோ காளானோடோ ஜோடி சேர்ப்பது அதனால்தான். ருசி இப்படிக் கூடிவிட்டால், உப்பு குறைந்ததை நாக்கு பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

தண்ணீர் முக்கியம். ஜப்பானின் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் கொம்பு சாறு விடாது, வடிகட்டிய தண்ணீர்தான் சரிப்படும்.

மீன் சேர்த்த தாஷிக்கு: ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்பைப் போட்டு அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு சிறுதீயில் ஏற்றுங்கள். பத்து நிமிடம் மெதுவாகச் சூடேறட்டும். பாத்திரத்தின் அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழ்கள் எழும்பும்போது கொம்பை எடுத்துவிட வேண்டும். கொதித்தால் வழவழப்பும் கடல்நாற்றமும் இறங்கிவிடும். தண்ணீர் ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, 20 கிராம் கட்சுவோபுஷியைத் தூவுங்கள். கிளறாதீர்கள். சீவல்கள் தாமாக அமிழ ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ ஆகும். மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். நம் கை துணியைப் பிழியத்தான் போகும். பிழிந்தால் கசப்பும் கலங்கலும் சேரும், தானாக வடியட்டும். பொன்னிறத்தில் தெளிந்து நிற்கும் இதற்கு முதல் தாஷி என்று பெயர். அதே சக்கைகளில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி ஐந்து முதல் பத்து நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டால் இரண்டாம் தாஷி கிடைக்கும். தேங்காய்க்கு முதல் பால், இரண்டாம் பால் எடுப்பது போலத்தான். காய்கறி வேகவைக்க இரண்டாவது போதும்.

சைவத் தாஷிக்கு: ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் 10 கிராம் கொம்பும் நான்கு காய்ந்த ஷீட்டாகேயும் போட்டு இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அவசரத்துக்கு வெந்நீரில் காளானை ஊறவைப்பது பெரிய தவறு. குவானிலேட் பிறப்பது பிறகு 60, 70 டிகிரியில் சூடாக்கும்போதுதான். வெதுவெதுப்பான நீரில் ஊறினால், காளானில் உள்ள நொதிகளே அந்த ருசியைச் சிதைத்துவிடும். காலையில் மெதுவாகச் சூடாக்கி, கொதிக்கும் முன் கொம்பை எடுத்துவிட்டுக் காளானை மட்டும் சில நிமிடம் கொதிக்கவிடுங்கள். புத்த மடங்களின் ஷோஜின் சமையல் இந்தச் சாற்றின் மேல்தான் நிற்கிறது.

நிபோஷி என்னும் சிறுமீன் தாஷியும் உண்டு. தலையையும் குடலையும் கிள்ளிப் போடாவிட்டால் கசக்கும். நெத்திலிக் கருவாட்டை அதற்குப் பதிலாகப் போட வேண்டாம். நிபோஷி தண்ணீரில் வேகவைத்துக் காயவைத்தது, நம்முடையது பெரும்பாலும் உப்பிட்டது.

தாஷி குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு, மூன்று நாள் தாங்கும். ஐஸ் தட்டில் உறையவைத்தால் அவசரத்துக்குக் கட்டி கட்டியாக எடுத்துக்கொள்ளலாம்.

காய் நிறைந்த மிசோ சூப்

நான்கு பேருக்கு 600 மில்லி தாஷி, 40 கிராம் மிசோ, 350 கிராம் காய்கறி. முள்ளங்கி, கேரட், முட்டைக்கோஸ், வெங்காயம், உருளைக்கிழங்கு, காளான் என்று கையில் இருப்பது எதுவும் போகும். இந்தக் கணக்கில் ஒரு கிண்ணத்துக்கு உப்பு 1.2 கிராம்தான். கிண்ணம் காயால் நிறைந்துவிடுவதால் குடிக்கும் சாறும் குறைகிறது. நாகானோ பெண்கள் வீடு வீடாகச் சொன்ன உத்தி இதுவே.

கிழங்கு வகையைக் குளிர்ந்த தாஷியிலேயே போட்டு ஏற்றுங்கள். முட்டைக்கோஸ், காளான் போன்றவை கொதி வந்த பிறகு. எல்லாம் வெந்ததும் 150 கிராம் டோஃபு என்னும் சோயாப்பால் கட்டியைத் துண்டுகளாக நறுக்கிப் போட்டு, அது சூடானதும் அடுப்பை அணையுங்கள். மிசோவை நேரே கொட்டாமல், கரண்டிக்குள் வைத்துச் சாற்றைச் சிறிது சிறிதாக விட்டுக் கரைத்து இறக்க வேண்டும். மறுபடி கொதிக்கவிடக் கூடாது. ரசம் நுரைத்து வந்ததும் இறக்குகிறோமே, அதே கவனம். கொதித்தால் வாசனை ஆவியோடு போய்விடும். வகாமே சேர்ப்பதானால் காய்ந்தது நான்கு கிராம் போதும். அது பத்து மடங்குக்கு மேல் ஊதும்.

சப்பென்று தோன்றினால் மிசோவைக் கூட்டாதீர்கள். இஞ்சிச் சாறு சில துளி, நறுக்கிய வெங்காயத்தாள், வறுத்த எள், இவற்றில் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். பத்து நாளில் நாக்கு பழகிவிடும்.

சோறு

ஜப்பானிய அளவில் ஒரு கோ என்பது 180 மில்லி, 150 கிராம் அரிசி. மூன்று நான்கு முறை மென்மையாகக் களைந்து, ஒரு கோவுக்கு 200 மில்லி தண்ணீர் வைத்து, அரை மணி நேரம் ஊறவிடுங்கள். கனமான பாத்திரத்தில் மூடி போட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்துப் பன்னிரண்டு நிமிடம், அணைத்த பிறகு திறக்காமல் பத்து நிமிடம். உப்பு கிடையாது. அரிசியில் தட்டைப் பார்லி 50 கிராம் கலந்தால் அதற்கென்று 100 மில்லி தண்ணீர் கூட்டுங்கள். நார்ச்சத்து கிடைக்கும், சாப்பிட்டபின் நெடுநேரம் பசிக்காது.

இரண்டு காய், ஒரு மீன்

பக்குவங்களைச் சொல்லும் முன் ஒரு வரிசை. ஜப்பானில் வீட்டுக்கு வீடு சொல்லும் பாடம், 'ச ஷி சு செ சொ': சர்க்கரை, உப்பு, வினிகர், சோயா சாஸ், மிசோ. இந்த ஒழுங்கில்தான் சேர்க்க வேண்டும். உப்பு முந்திவிட்டால் காய் இறுகி, இனிப்பு உள்ளே ஏறாது. சோயா சாஸும் மிசோவும் வாசனைக்காக வருபவை, அதனால் கடைசி.

எள் கீரை: பாலக்கீரை 200 கிராமை ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்துக் குளிர்ந்த நீரில் அலசி, நன்றாகப் பிழிந்து, விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். இரண்டு மேசைக்கரண்டி எள்ளைப் பொரியும்வரை வறுத்துக் கொரகொரப்பாக இடியுங்கள். மிக்ஸி வேண்டாம், எண்ணெய் கக்கி விழுதாகிவிடும். சின்ன உரல் இருந்தால் அதுதான் சரி. எள்ளோடு ஒரு தேக்கரண்டி சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி தாஷி, ஒன்றரைத் தேக்கரண்டி சோயா சாஸ் கலந்து, பரிமாறும் நேரத்தில் கீரையைப் பிசறுங்கள். முன்கூட்டியே பிசறினால் கீரை தண்ணீர் விடும். மூன்று பேருக்குப் போதும்.

முள்ளங்கி வற்றல்: கிரிபோஷி தைகோன் என்பது நூலாகச் சீவி வெயிலிலும் குளிர்காற்றிலும் காயவைத்த முள்ளங்கி. பெரும்பாலும் மியாசாகி மாகாணத்திலிருந்து வருகிறது. நம் வற்றலைப் போல உப்பிலோ மோரிலோ போடாதது, காய்ந்ததாலேயே இனிப்பேறியது. எனக்கு இந்தச் சமையலில் மிகப் பிடித்தது இதுதான். 40 கிராமை அலசிப் பதினைந்து நிமிடம் ஊறவைத்துப் பிழியுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், 100 மில்லி எடுத்து வையுங்கள். ஒரு தேக்கரண்டி எள்ளெண்ணெயில் முள்ளங்கியையும் மெல்லிதாக நறுக்கிய கேரட்டையும் வதக்கி, ஊறிய தண்ணீர், 250 மில்லி தாஷி, ஒரு மேசைக்கரண்டி மிரின் ஊற்றுங்கள். பொரித்த டோஃபுத் துண்டு இருந்தால் வெந்நீரில் அலசி எண்ணெயைப் போக்கி நறுக்கிப் போடலாம். ஐந்து நிமிடம் கழித்து ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ். பாத்திரத்தை விடச் சிறிய மூடியையோ வட்டமாக வெட்டிய பேக்கிங் தாளையோ காயின் மேலேயே படியும்படி வையுங்கள். குறைந்த சாறும் மேலே வரை ஏறி எங்கும் பரவும். பத்து நிமிடத்தில் சாறு வற்றும். உடனே சாப்பிட வேண்டாம். ஆறும்போதுதான் சுவை உள்ளே இறங்குகிறது. நான்கு பேருக்கு வரும், மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்.

மீன்: கானாங்கெளுத்தித் துண்டுகளில் எடையில் ஒரு விழுக்காடு உப்புத் தடவிப் பதினைந்து நிமிடம் வைத்து, கசிந்த நீரைத் துடைத்துவிட்டுத் தோல் பக்கம் முறுகும்வரை சுடுங்கள். துருவிய பச்சை முள்ளங்கியை லேசாகப் பிழிந்து குவித்து, எலுமிச்சை பிழிந்து பக்கத்தில் வையுங்கள். சோயா சாஸ் பாட்டிலை மேசைக்குக் கொண்டுவராதீர்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். சூப்பில் 1.2, கீரையில் 0.45, முள்ளங்கியில் 0.65, எண்பது கிராம் மீனில் 0.8. ஒரு வேளைக்கு ஏறத்தாழ 3 கிராம். ஒரு சூப், மூன்று பதார்த்தம், சோறு என்ற பழைய அமைப்பு நிறைவாகவே கிடைக்கிறது, ஆனால் நாள் வரம்பில் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. ஆகவே மிசோ சூப் ஒரு நாளில் ஒரு வேளைதான். மீன் செய்கிற நாளில் ஊறுகாய் வேண்டாம். உமேபோஷி என்னும் புளிப்புக் காய் பழைய முறையில் 18 முதல் 20 விழுக்காடு உப்பில் ஊறுவது. அதை மருந்து போல் எண்ணித் தினமும் தின்பது நல்லதல்ல.

யார் கவனமாக இருக்க வேண்டும்

கொம்பில் அயோடின் மிக அதிகம். மா-கொம்பு ஒரு கிராமில் 2 மில்லிகிராம் வரை இருக்கும். ஜப்பானில் பெரியவர்களுக்கு வைத்திருக்கும் நாள் உச்சவரம்பே 3 மில்லிகிராம். சாற்றிலும் அது இறங்கும். தைராய்டு கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் கொம்புத் தாஷியைத் தினப்படி வழக்கமாக்கக் கூடாது. கட்சுவோபுஷியில் மட்டும் எடுத்த தாஷியும் நன்றாகவே இருக்கும். மற்றவர்களும் வாரத்தில் சில நாள் கொம்பில்லாமல் சமைப்பது நல்லது.

ஹிஜிகி என்னும் கறுப்புக் கடற்பாசியில் கனிம ஆர்சனிக் இருப்பதால், பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு 2004இல் அதைச் சாப்பிட வேண்டாம் என்று அறிவுறுத்தியது. நான் வாங்குவதில்லை. நாத்தோ என்னும் புளிக்கவைத்த சோயா பயறில் வைட்டமின் கே நிறைய உண்டு. வார்ஃபாரின் மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தொடக் கூடாது. சிறுநீரக நோயாளிகளுக்கு வேறு கணக்குகள் உண்டு, அவற்றை அவர்களுடைய மருத்துவரே சொல்ல வேண்டும்.

மிஞ்சிய சக்கை

இரண்டு தாஷி எடுத்த கட்சுவோபுஷியை வெறும் வாணலியில் ஈரம் போக வறுத்து, எள்ளும் அரைத் தேக்கரண்டி சோயா சாஸும் சேர்த்து உதிரியாகப் புரட்டினால் சோற்றில் தூவிக்கொள்ளும் பொடி. அயோடின் காரணத்தால் கொம்புச் சக்கையைக் கொஞ்சமாகத்தான் பயன்படுத்த வேண்டும். நூலாக நறுக்கிய ஒரு சிட்டிகையை 300 கிராம் முட்டைக்கோஸும் வெள்ளரியும் கலந்த நறுக்கலோடும் இஞ்சியோடும் சேர்த்து, 5 கிராம் உப்புப் போட்டுப் பிசறி, மேலே கனம் வைத்து அரை மணி நேரம் விடுங்கள். தண்ணீரை இறுக்கிப் பிழிந்துவிட்டுப் பரிமாறுங்கள். போட்ட உப்பில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். மீன் இல்லாத நாளுக்கு இது.